காற்றை அளந்தவர் சதீஷ் தவான்

அப்துல் கலாம் அய்யாவைப் பற்றிக் கட்டுரை வராத மலர் கிடையாது. அவருக்கே மேலதிகாரியாக இருந்தவரைப் பற்றி இந்த வருஷம் எழுதலாம்னு தோணிச்சு.

1920 செப்டம்பர் 25ல் ஸ்ரீநகரில் பிறந்தவர் சதீஷ் தவான். லாகூரில் கணிதம், இயற்பியல், ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதுக்கப்புறம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்! (நமக்கு ஒரு இங்கிலீஷ் பேப்பரே அண்ணாமலை உயரம்.) பிறகு அமெரிக்கா போய், கால்டெக்கில் பேராசிரியர் லீப்மனிடம் ஏரோடைனமிக்ஸ் படித்து 1951ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அங்கே அவர் செய்த வேலையைக் கேளுங்கள். தகட்டின் மேல் ஓடும் காற்று தகட்டை உரசி இழுக்கும். அந்த விசை ரொம்ப ரொம்பக் குறைவு. அதை அவர் நேரடியாகவே அளந்தார். தகட்டில் ஒரு சின்னத் துண்டை மட்டும் தனியாக விட்டு, காற்று அதை எவ்வளவு தள்ளுகிறது என்று கருவியால் பார்த்தார். துண்டு கொஞ்சம் தூக்கி நின்றாலும் காற்றோட்டமே கெட்டுவிடும். ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் பிடித்த நமக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும்.

அதே 1951ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். சூப்பர்சானிக் விண்ட் டன்னல் அமைத்தார். கோயிலில் ஊதுபத்திப் புகை கொஞ்ச தூரம் நேராப் போய் அப்புறம் கலைந்து சுழலுமே, அந்த மாதிரி மாற்றம் தகட்டை ஒட்டிய காற்றில் எப்படி நடக்கிறது என்று மாணவர் நரசிம்மாவுடன் ஆராய்ந்து 1958ல் வெளியிட்டார்.

சாராபாய் மறைவுக்குப் பின் 1972ல் இஸ்ரோ தலைவரானார். கழக இயக்குநர் வேலையையும் விடவில்லை.

1979 ஆகஸ்ட் 10. கலாம் தலைமையில் செய்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. ப்ராஜெக்ட் ஓடலைன்னா பழி கீழே இருப்பவன் தலையில்தானே? தவான் அப்படி விடவில்லை. பத்திரிகைக்காரர்கள் முன்னால் தானே உட்கார்ந்து பொறுப்பை ஏற்றார். 1980 ஜூலை 18ல் ராக்கெட் ஜெயித்தபோது பேசச் சொல்லி அனுப்பியது கலாமை! வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்து, அதிகாரி என்றாலே பயப்படும் எனக்கு இந்த இடம் நம்பவே கஷ்டமா இருந்தது.

2002 ஜனவரி 3ல் அவர் காலமானார். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அந்த வருஷமே அவர் பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி. அங்கே வரும் பறவைகளைப் பார்ப்பதில் அவருக்குத் தனி ஆசை. பறவை எப்படிப் பறக்கிறது என்று 1991ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.