ஓவியர் ஜார்ஜ் பிராக்

கியூபிச ஓவியத்தைத் தோற்றுவித்த இருவருள் ஒருவர் ஜார்ஜ் பிராக். 1882இல் பிரான்சில் பிறந்து, லெ ஆவர் துறைமுக நகரில் வளர்ந்தார். தந்தையையும் பாட்டனாரையும் போல வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலைக் கற்றார்; சாதாரணப் பலகையும் உயர்ந்த மரமெனத் தோன்றும்படி ரேகை தீட்டப் பயின்றார்.

1908இல், மார்செய் நகரை அடுத்து ஆலைகள் சூழ்ந்த எஸ்தாக் கடற்கரையில் அவர் தீட்டிய வீடுகள் கனசதுரங்களாய்த் திரண்டன. பிகாசோவுடன் இணைந்து அந்நெறியை வளர்த்தார். 1912இல் மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளைக் கடையில் வாங்கி, வெட்டி, ஓவியத்தில் ஒட்டினார். போலியும் கலையின் உறுப்பாயிற்று. 1915இல் போரில் தலையில் படுகாயமுற்று மீண்டு, மேலும் பல்லாண்டுகள் தீட்டி, 1963இல் மறைந்தார்.

இராயபுரத்திலோ எண்ணூரிலோ ஒரு தொழிலாளி அவருடைய ஓவியத்தின் அக்ரிலிக் படியை வாங்கித் தம் வீட்டுச் சுவரில் மாட்டினால், போலியென்று எள்ளுவதற்கில்லை. கடையில் வாங்கிய தாளுக்குக் கலையில் இடம் தந்தவர் அவர்.