கண்ணுக்கு இசை கேட்கச் செய்ய முயன்ற குருவானவர்

வெசாக் நாட்களில் பதுளைப் பட்டணத்திற்குப் போய்த் தோரணம் பார்த்திருப்பீர்கள். பசறையிலிருந்தோ ஹாலி-எலையிலிருந்தோ பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து, சிவப்பும் பச்சையும் நீலமுமாக மின்குமிழ்கள் ஓடுவதை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருப்பீர்கள். அப்போது ஒன்றைக் கவனித்தீர்களா? ஒலிபெருக்கியின் பாட்டு ஒரு வழியில் போகும். விளக்கு தன் வழியில் ஓடும். பாட்டு நின்றாலும் விளக்கு நிற்பதில்லை. நமது தோட்டத்துக் காமன் கூத்தில் அப்படி நடக்காது. தப்பு தயங்கினால் ஆடுபவரின் காலும் தயங்கும். தப்பு துள்ளினால் காலும் துள்ளும். அந்தக் காலைப் போல விளக்கும் இசைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் ஆசைப்பட்டார். அவர் ஒரு குருவானவர் என்பது உங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

லூயி பெர்த்ராண் கஸ்தெல் 1688ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பிரான்சின் தென்பகுதியிலுள்ள மொன்பெலியே நகரில் பிறந்தார். பதினைந்தாவது வயதிலேயே, 1703இல், யேசு சபையில் சேர்ந்தார். துலூஸ் நகரில் இருந்த அவரது எழுத்தைக் கண்டு மெச்சிய ஃபொன்தெனெல் என்ற அறிஞர் தலைநகருக்கு வரும்படி தூண்டவே, 1720இல் பாரிஸ் சேர்ந்தார். அங்கே யேசு சபையாரின் புகழ்பெற்ற லூயி-லெ-கிரான் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். சபையின் திரெவூ சஞ்சிகையில் ஓயாமல் எழுதினார். அரசியல் அறிஞர் மொந்தெஸ்கியு தம் மகனின் படிப்பை இவரிடமே ஒப்படைத்திருந்தார். 1730இல் இலண்டன் ரோயல் சொசைட்டியும் இவரை உறுப்பினராக ஏற்றது.

இத்தனையும் இருக்க, இன்று அவரை உலகம் நினைப்பது ஒரே ஒரு இசைக்கருவிக்காக. அதைக் கேட்டவர் எவருமில்லை, பார்த்தவர்களும் சிலரே.

அக்காலத்தில் ஹார்ப்சிகோர்ட் என்றொரு வாத்தியம் செல்வர் வீடுகளில் இருந்தது. நம் கோவில் ஹார்மோனியத்தைப் போலவே அதற்கும் கட்டைகள் உண்டு. ஆனால் கட்டையை அழுத்தும்போது காற்று ஊதுவதில்லை, உள்ளே ஒரு தந்தி சுண்டப்படும். அந்தக் கட்டை தந்தியைச் சுண்டுவதற்குப் பதிலாக ஒரு நிறத்தைக் காட்டினால் என்ன என்று கஸ்தெல் அடிகளார் கேட்டார். 1725இல் மெர்க்யூர் என்ற பாரிஸ் பத்திரிகையில் இந்த எண்ணத்தை வெளியிட்டு, அதற்குக் கண்ணுக்கான ஹார்ப்சிகோர்ட் என்று பெயரும் வைத்தார்.

எண்ணம் வானத்திலிருந்து விழவில்லை. ஒளியும் ஒலியும் உடன்பிறப்புகள் என்று அவரது சபையைச் சேர்ந்த கிர்ஷர் அடிகளார் 1650ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். பின்னர் நியூட்டன் தமது ஒளியியல் நூலில், வானவில்லின் ஏழு நிறங்களை ஏழு சுரங்களின் இடைவெளிகளோடு ஒப்பிட்டார். கஸ்தெல் அந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டு நியூட்டனையே எதிர்த்தார். முப்பட்டைக் கண்ணாடியை நம்புவதை விட, சாயத் தொழிலாளரையும் ஓவியரையும் கேட்பதே மேல் என்பது அவரது கட்சி. நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்றிலிருந்தே மற்ற நிறங்கள் பிறக்கின்றன என்றார். இங்கே அவர் தவறினார் என்றே சொல்ல வேண்டும். சாயத்தைக் கலப்பது வேறு, ஒளியைப் பிரிப்பது வேறு. ஒளியைப் பற்றி நியூட்டன் சொன்னதே நிலைத்தது. ஆனால் சாயத்தொட்டியருகே நிற்பவனின் அனுபவத்தையும் அறிவென மதித்த பேராசிரியர்கள் அக்காலத்தில் எத்தனை பேர்?

முதலில் கருவியைச் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. தாம் சிந்தனையாளர், தச்சர் அல்லர் என்பது அவரது நிலை. ஊர் விட்டதா? செய்து காட்டும் என்று நண்பர்களும் கேட்டார்கள், பரிகசிப்பவர்களும் கேட்டார்கள். ஆரம்பத்தில் பாராட்டிய வோல்தேர், நியூட்டனை எதிர்த்தது தெரிந்ததும் எள்ளி நகையாடத் தொடங்கினார். ரூசோவோ விஷயத்தைத் தொட்டே மறுத்தார்: சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைபவை, நிறங்களோ ஒருங்கே நிலைத்து நிற்பவை, நிறத்தை ஓட வைப்பது அதன் இயல்புக்கே மாறானது என்றார். இது எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று.

எனினும் அடிகளார் விடவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதோடு மல்லாடினார். ஹார்ப்சிகோர்டுக்கு மேலே ஒரு சட்டம். அதில் சிறு சன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறக் கண்ணாடி, அதை மறைக்கும் சிறு திரை. திரையிலிருந்து கட்டைக்குக் கயிறு. கட்டையை அழுத்தினால் திரை விலகி நிறம் மின்னும், விரலை எடுத்தால் மறையும். பன்னிரண்டு நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் இருளிலிருந்து வெளிச்சம்வரை பன்னிரண்டு படிகள், ஆக 144 என்பது அவர் வகுத்த கணக்கு. ஜெர்மானிய இசைமேதை டெலமான் பாரிசுக்கு வந்து போன பின் 1739இல் இதைப்பற்றி ஒரு விளக்கமே எழுதி வெளியிட்டார். 1754ஆம் ஆண்டின் இறுதியில் விருந்தினர் சிலரை அழைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அடிகளார் தம் கருவியைக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 66.

மின்சாரம் இல்லாத காலம் அது என்பதை மறந்துவிடாதீர்கள். மெழுகுவர்த்தியின் சுடரை விரல் நொடிப்பில் ஏற்றி இறக்க முடியுமா? அவர் கேட்டதைக் கொடுக்கக்கூடிய விளக்கு அன்று உலகில் எங்குமே இருக்கவில்லை.

யாருக்காக இந்தப் பாடு? காது கேளாதவர் கண்ணால் இசையைச் சுவைக்கலாம், கண் தெரியாதவர் காதால் நிறத்தை அறியலாம் என்பது அவரது ஆசை. இதைப் படித்த திதரோ, பிறவியிலேயே காது கேளாத ஒருவரை அந்தக் கருவியின் முன் நிறுத்தினால் அவர் என்ன நினைப்பார் என்று 1751இல் ஆராய்ந்து எழுதினார். இதைச் செய்தவரும் தம்மைப் போலக் காது கேளாதவரே, பிறரோடு பேசுவதற்காகவே இதைச் செய்திருக்கிறார் என்று அவர் முடிவு கட்டுவாராம். பரிகாசங்கள் எல்லாவற்றையும் விட இந்த ஒன்றில்தான் கஸ்தெலுக்கு உரிய மரியாதை கிடைத்ததாக எனக்குத் தோன்றுகிறது.

1755இல் மொந்தெஸ்கியு மரணப் படுக்கையில் கிடந்தபோது கஸ்தெல் அடிகளார் அருகில் இருந்தார். இரண்டே ஆண்டுகளில், 1757 ஜனவரி 11ஆம் நாள், அவரும் பாரிசில் காலமானார். 1764இல் பிரான்சில் யேசு சபையே கலைக்கப்பட்டது. கருவி எஞ்சவில்லை.

மின்விளக்கு வந்த பிறகு, 1893இல் ரிமிங்டன் என்ற ஆங்கிலேயர் நிற ஆர்கனுக்கு உரிமம் பெற்றார். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபின், ஒளிக்கென்றே தனி வரி எழுதிய இசைப்படைப்பு 1915இல் நியூயோர்க்கில் நிற விளக்குகளோடு அரங்கேறியது. இன்றோ பாடகரின் குரலைக் கணினி வாங்கி, அது ஏறவும் இறங்கவும் திரையில் உருவங்களை ஆட வைக்கிறது.

கருவி போனாலும் அடிகளாரின் நிற அட்டவணை புத்தகத்தில் இருக்கிறது. அவர் தம் மூன்று மூல நிறங்களை வைத்த மூன்று சுரங்களும் நம் ஹார்மோனியத்தில் ச, க, ப. வீட்டில் ஒரு டோர்ச் விளக்கும் மூன்று கண்ணாடித் தாள்களும் இருந்தால் போதும், பிள்ளைகளோடு ஒரு மாலையில் செய்து பாருங்கள்: ச வரும்போது நீலம், க வரும்போது மஞ்சள், ப வரும்போது சிவப்பு.