நட்சத்திர ஒளியின் புதிரை விடுவித்த மேகநாத் சாஹா

நட்சத்திரத்தின் ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்தால் நிறமாலையில் கரிய கோடுகள் தென்படும். ஒவ்வொரு கோடும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு உரியது. அதை உட்கவர்ந்த தனிமம் எதுவென்று அந்த அதிர்வெண்ணே காட்டிக்கொடுக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு வானியலாளர்கள் லட்சக்கணக்கான நட்சத்திரங்களை இக்கோடுகளைக் கொண்டு வகைப்படுத்தினர். ஆனால், ஒரு நட்சத்திரத்தில் தெரியும் கோடு இன்னொன்றில் ஏன் மறைகிறது என்பதற்குத் திட்டமான விளக்கம் இருக்கவில்லை. அதைக் கணக்கிட்டுச் சொன்னவர், கிழக்கு வங்கத்துச் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனான மேகநாத் சாஹா.

டாக்கா அருகே சியோராதலி கிராமத்தில் 1893 அக்டோபர் 6-ஆம் தேதி பிறந்தார் சாஹா. எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். மகனைக் கடையில் அமர்த்தவே தந்தை ஜகந்நாத் எண்ணியிருந்தார். வெளியூரில் அனந்த குமார் தாஸ் என்ற மருத்துவர் உணவும் தங்குமிடமும் அளித்ததால்தான் படிப்பு தொடர்ந்தது. டாக்கா கல்லூரிப் பள்ளியில் உதவித்தொகையுடன் பயின்றபோது, வங்கப் பிரிவினையை எதிர்த்து ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு அவரும் வெளியேற்றப்பட்டார். உதவித்தொகையும் பறிபோனது.

கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் சத்யேந்திரநாத் போஸ் அவருடைய வகுப்புத் தோழர். ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். தேர்வுகளில் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். விடுதியிலோ, சாதியைக் காரணம் காட்டி அவருடன் அமர்ந்து உண்ண மறுத்தவர்கள் இருந்தனர். இந்த அவமதிப்பை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

1920-இல் ‘பிலாசபிக்கல் மேகசின்’ இதழில் வெளியான கட்டுரைதான் அவரை உலகறியச் செய்தது. சூரியனின் நிறமண்டலத்தில் மிக உயரத்திலும் கால்சியத்தின் கோடுகள் தெரிகின்றன. கால்சியத்தைவிட எடை குறைந்த சோடியத்தின் கோடுகளோ கீழ்ப்பகுதியிலேயே நின்றுவிடுகின்றன. இது எப்படி? உயரத்தில் தெரிபவை முழு அணுவின் கோடுகள் அல்ல, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தின் கோடுகள். எலக்ட்ரானை இழந்த அணு உட்கவரும் அதிர்வெண்களே வேறாகிவிடும். வெப்பம் கூடினாலும் அழுத்தம் குறைந்தாலும் இவ்வாறு அயனியாகும் அணுக்களின் விகிதம் உயரும். வேதிவினைச் சமநிலைக்கான விதியை அணுக்களுக்குப் பொருத்தி அந்த விகிதத்தைக் கணக்கிடும் சமன்பாட்டை அவர் அளித்தார்.

ஒரு கோடு காணப்படாததால் மட்டும் அந்தத் தனிமம் அங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது இதன் முக்கிய விளைவு. சூரிய நிறமாலையில் ருபீடியத்தின் கோடுகள் அப்போது அறியப்படவில்லை. வெப்பம் குறைந்த சூரியப் புள்ளிகளில் அவை தெரியக்கூடும் என்று சாஹா முன்கூட்டியே கூறினார். அமெரிக்க வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அவ்வாறே கண்டறிந்தார். 1925-இல் சிசிலியா பெய்ன், நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்ற முடிவை எட்டியதும் இதே சமன்பாட்டின் துணையால்தான்.

கொள்கையைச் சொந்த நாட்டில் சோதித்துப் பார்க்க அவருக்குக் கருவிகள் இல்லை. 1917-இல் எழுதிய ஒரு கட்டுரையை அமெரிக்க இதழ் முழுமையாக வெளியிட அச்சுச் செலவில் ஒரு பகுதியைக் கேட்டது; அதைச் செலுத்த அவரிடம் பணம் இருக்கவில்லை. லண்டன், பெர்லின் ஆய்வகங்களில் சில காலம் பணியாற்றித் திரும்பிய அவர், 1923 முதல் 15 ஆண்டுகள் அலகாபாத்தில் கற்பித்தார். 1927-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது கிட்டவில்லை.

ஆய்வகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. தாமோதர் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் திட்டத்துக்காக வாதிட்டார். கொல்கத்தாவில் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தை உருவாக்கினார். 1952-இல் மக்களவைக்குத் தேர்வாகி, அரசின் அணுசக்திக் கொள்கையை அவையிலேயே கடுமையாக விமர்சித்தார்.

நாட்டில் வழங்கிய பலவகைப் பஞ்சாங்கங்களை ஆராய அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். அக்குழு 1955-இல் அறிக்கை அளித்தது. 1956 பிப்ரவரி 16-ஆம் தேதி டெல்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் அவர் உயிரிழந்தார். குழு பரிந்துரைத்த தேசிய நாட்காட்டி, மறு ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி, சக ஆண்டு 1879 சைத்ர மாதம் முதல் நாளாக நடைமுறைக்கு வந்தது.