புழு குளவியாக மாறுமா? விடை தேடிய ஏழை வாத்தியார்

நம் வீடுகளில் ஜன்னல் மூலையிலும் கதவு இடுக்கிலும் குளவி மண்ணால் கூடு கட்டும். அதை இடிக்கக் கூடாது, வீட்டில் பிள்ளைப்பேறு வரப்போகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்னொன்றும் சொல்வார்கள். குளவி ஒரு பச்சைப் புழுவைக் கொண்டு வந்து கூட்டில் வைத்து, அதைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கி விடுகிறதாம்.

புழு உள்ளே போவதையும், சில நாள் கழித்துக் குளவி வெளியே வருவதையும் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் நடுவில் கூட்டுக்குள் நடப்பது என்ன? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடியே ஆயுளைக் கழித்த ஒரு வாத்தியார் பிரான்ஸ் தேசத்தில் இருந்தார். அவர் பெயர் ழான் ஹென்றி ஃபாப்ரே.

எலுமிச்சம்பழம் விற்ற சிறுவன்

தென் பிரான்சில் செயின்ட் லியோன் என்ற மலைக் கிராமத்தில் 1823 டிசம்பரில் ஃபாப்ரே பிறந்தார். ஏழைக் குடும்பம். விவசாயத்தில் வயிறு நிறையாமல் தகப்பனார் பட்டணத்துக்கு வந்து காப்பிக்கடை வைத்தார். அது நஷ்டத்தில் முடிந்தது. ஊர் ஊராக மாறினார்கள். எங்கும் பிழைப்பு ஓடவில்லை. கடைசியில் குடும்பமே சிதறியது. பதினான்கு, பதினைந்து வயதில் பையன் தன் வயிற்றைத் தானே பார்த்துக் கொள்ள வேண்டியதாயிற்று.

சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். அப்போது போக்கேருக்கும் நீமுக்கும் இடையே ரயில் பாதை போட்டுக் கொண்டிருந்தார்கள். அங்கே கூலி ஆட்களோடு சேர்ந்து மண் வேலை செய்தார். அந்த நிலையிலும் புத்தகத்தை விடவில்லை. அவிஞோன் நகரத்து ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கான போட்டிப் பரீட்சை எழுதி, உபகாரச் சம்பளத்தோடு இடம் பிடித்தார்.

1842ல் கார்ப்பந்த்ரா என்ற ஊரில் வாத்தியார் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 700 பிராங்க் சம்பளம். அதுவும் நேரத்துக்கு வராது. ஒரு நாள் பையன்களுக்கு நில அளவை கற்றுக் கொடுக்க வயல்வெளிக்குக் கூட்டிப் போனார். பையன்களோ அளப்பதை விட்டுவிட்டு, கற்களில் ஒட்டியிருந்த மண்கூடுகளை உடைத்து வைக்கோலால் தேனை உறிஞ்சிக் கொண்டிருந்தார்கள். அவை கொத்து வேலைத் தேனீயின் கூடுகள். அதைப் பற்றிப் படிப்பதற்காக ஒரு மாதச் சம்பளம் முழுவதையும் கொடுத்து ஒரு பூச்சிப் புத்தகம் வாங்கினார். குடும்பஸ்தருக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்று சொல்ல வேண்டியதில்லை.

குளவியின் ரண சிகிச்சை

அதன் பிறகு அவர் தாமாகவே படித்துக் கணிதத்திலும் பௌதிகத்திலும் பட்டம் வாங்கினார். கார்சிகா தீவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1853ல் அவிஞோன் பள்ளிக்கு வந்தார். அங்கேதான் குளவி அவரைப் பிடித்துக் கொண்டது.

லியோன் டுஃபூர் என்ற பெரிய பூச்சியியல் நிபுணர் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஒரு வகைக் குளவி வண்டுகளைக் கொன்று பொந்தில் அடுக்குகிறது, நாட்கள் பல ஆனாலும் அவை அழுகுவதில்லை, குளவியின் விஷம் உப்புக்கண்டம் போடுவது மாதிரி அவற்றைப் பதப்படுத்துகிறது என்பது அவர் முடிவு.

ஃபாப்ரே வண்டுகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தார். அவை செத்தே போகவில்லை! லேசாக மின்சாரம் பாய்ச்சினால் கால் துடித்தது. அசைவுதான் இல்லை, உயிர் இருந்தது. குளவி கண்ட இடத்தில் கொட்டுவதில்லை. கால்களை இயக்கும் நரம்பு முடிச்சு எங்கே இருக்கிறதோ, சரியாக அங்கே கொடுக்கை இறக்குகிறது. இதைச் சோதிக்க ஃபாப்ரே பேனா முள்ளில் அம்மோனியாத் திரவத்தைத் தொட்டு அதே இடத்தில் குத்தினார். வண்டு அதே மாதிரி முடங்கியது.

புழுவைப் பிடிக்கும் குளவி இன்னும் கெட்டிக்காரி. புழுவுக்குக் கணுவுக்குக் கணு நரம்பு முடிச்சு உண்டு. ஆகவே குளவியும் கணுவுக்குக் கணு கொட்டுகிறது. நம் பெரியவர்கள் கொட்டிக் கொட்டி என்று சொன்னது பொய்யல்ல. ஆனால் புழு குளவியாவதில்லை. முடங்கிய புழுவோடு குளவி தன் முட்டையை வைத்துக் கூட்டை மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, உயிரோடு இருக்கும் அந்த உணவைத் தின்று வளர்கிறது. உணவு கெடாமல் இருப்பதற்காக, உயிர்நிலையான பாகங்களைக் கடைசியாகத் தின்னும் குஞ்சுகளும் உண்டு. நம் ஜன்னலில் கூடு கட்டும் குளவிகளில் சில புழுவையும், சில சிலந்தியையும் அடைப்பது இதற்காகவே.

1855ல் இதை வெளியிட்ட ஃபாப்ரேக்கு பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் பரிசு கிடைத்தது. டார்வின் 1859ல் வெளியிட்ட தமது பெரிய நூலில் அவரைக் குறிப்பிட்டார்.

பைத்தியம் என்றார்கள்

பரிசு வந்ததே தவிரச் சம்பளம் உயரவில்லை. ஆண்டுக்கு 1,600 பிராங்கிலேயே அவிஞோன் வாழ்க்கை நகர்ந்தது. லீவு நாட்களில்தான் பூச்சி ஆராய்ச்சி. அதுவும் ஊரார் நிலத்திலும் சாலை ஓரத்திலும்தான். ஒரு நாள் காலையில் திராட்சை பறிக்கப் போன மூன்று பெண்கள், அவர் ஒரு பள்ளத்தில் கல்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக் கொண்டிருப்பதைக் கண்டார்கள். மாலையில் திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில் அப்படியே இருந்தார். பாவம், புத்தி பேதலித்தவர் என்று எண்ணி, சிலுவைக் குறி போட்டுக் கொண்டு நகர்ந்தார்கள்.

1865ல் பட்டுப்புழு நோயை ஆராய வந்த லூயி பாஸ்டர் ஃபாப்ரேயின் வீட்டுக்கு வந்தார். பட்டுக்கூட்டையே அதுவரை பார்த்திராத பாஸ்டர், ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாராம். அந்தப் பாஸ்டர்தான் பிறகு அந்த நோயிலிருந்து பட்டுத் தொழிலைக் காப்பாற்றினார்.

வீட்டை விட்டு வெளியேற்றம்

அவிஞோனில் ஃபாப்ரே மாலை நேர இலவச வகுப்பு நடத்தினார். பெண்களும் வந்தார்கள். பூவில் மகரந்தம் சேர்ந்து காயாவது எப்படி என்பதை அவர் விளக்கினார். இளம் பெண்களிடம் சொல்லக் கூடிய விஷயமா இது என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. 1870ல் பதவி போயிற்று. வாடகை வீட்டின் உரிமையாளர்களான இரண்டு சகோதரிகளும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை. ஒரு மாதத்துக்குள் மனைவி மக்களோடு வெளியேற வேண்டும். கையில் பணமும் இல்லை.

அப்போது கை கொடுத்தவர் ஆங்கிலேயத் தத்துவ மேதை ஜான் ஸ்டூவர்ட் மில். ஃபாப்ரேயோடு செடி கொடிகளைத் தேடி அலைந்த நண்பர். கடிதம் கண்டதும் எந்தப் பத்திரமும் கேட்காமல் 3,000 பிராங்க் அனுப்பினார். ஆரஞ்ச் என்ற ஊருக்குக் குடிபோன ஃபாப்ரே, இரவு பகலாகப் பள்ளிப் பாடப் புத்தகங்கள் எழுதி அந்தக் கடனை முழுவதும் அடைத்தார். ஆனால் தம்மோடு பூச்சி தேடிய அருமை மகன் ஜூல்ஸ் 1877ல் பதினாறாம் வயதில் இறந்தான். புதிதாகக் கண்ட குளவிகளுக்கு அவன் பெயரை வைத்தார்.

சொந்தமாக ஒரு துண்டு நிலம்

தமக்கென்று வேலி போட்ட ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பது நாற்பது ஆண்டு ஆசை. 1879ல், ஐம்பத்தைந்து வயதில் அது நிறைவேறியது. செரிஞான் கிராமத்தில் வீட்டோடு ஒரு நிலத்தை வாங்கினார். முள்ளும் கல்லுமாகக் கிடந்த, உழவுக்கு ஆகாத பூமி. பூச்சிகளுக்கு அதுவே சொர்க்கம். அர்மாஸ் என்று பெயர். அந்த வட்டாரப் பேச்சில் தரிசு என்று பொருள்.

அங்கே ஒரு மே மாதக் காலை, பெரிய மயில் அந்துப்பூச்சி ஒன்று கூட்டை விட்டு வந்தது. பெண் பூச்சி. வலைக் கூண்டில் வைத்தார். இரவு வீடெல்லாம் ஆண் பூச்சிகள்! ஏறக்குறைய நாற்பது. எட்டு இரவுகளில் 150 வந்தன. கண்ணாடிப் பாத்திரத்தில் காற்றுப் புகாமல் மூடினால் ஒன்றும் வரவில்லை. மனித மூக்குக்கு எட்டாத ஒரு வாசனைதான் தூது போகிறது என்று முடிவு கட்டினார். 1959ல் ஜெர்மன் விஞ்ஞானி பூட்டெனான்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளைக் கொண்டு அப்படி ஒரு வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

1896 ஜனவரியில் பைன் மரத்துக் கம்பளிப்புழுக்கள் ஒரு பெரிய தொட்டியின் விளிம்பில் ஏறின. முன்னால் போகும் புழுவின் இழையைப் பிடித்தே பின்னால் வருவது போகும். வட்டம் மூடிக் கொண்டது. தலைவன் இல்லை. ஏழு நாள் பட்டினியிலும் குளிரிலும் சுற்றிச் சுற்றி வந்தன. 335 சுற்று, 450 மீட்டருக்கு மேல் நடை என்று அவர் கணக்கிட்டார். சில புழுக்கள் தடுமாறி வழி விலகிய பிறகே மற்றவையும் தப்பின.

வைத்தியரைத் தோற்கடிக்கும் குளவியும் இதற்கு விலக்கல்ல. வெட்டுக்கிளி இனத்துப் பூச்சியைப் பொந்து வாசலில் வைத்துவிட்டு உள்ளே பார்க்கப் போகும்போது, ஃபாப்ரே இரையைத் தள்ளி வைத்தார். குளவி அதை இழுத்து வந்து, மறுபடி உள்ளே பார்க்கப் போயிற்று. நாற்பது தடவை தள்ளி வைத்தார். நாற்பது தடவையும் அதே கதை. பிறவியில் வந்த வேலையில் மகா நிபுணன், அதற்கு வெளியே ஒன்றும் தெரியாது. இதுதான் பூச்சி என்றார் ஃபாப்ரே. பரிணாமக் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அதில் உலகம் டார்வின் பக்கமே நின்றது. ஆனாலும் இருவரும் மரியாதையோடு கடிதம் எழுதிக் கொண்டார்கள்.

பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதி வந்தபோது அவருக்கு 83 வயது. புகழ் அப்போதுதான் வாசலுக்கு வந்தது. 1913ல் பிரான்சின் ஜனாதிபதி புவான்காரே செரிஞானுக்கே வந்து வணக்கம் தெரிவித்தார். 1915 அக்டோபர் 11ம் தேதி ஃபாப்ரே காலமானார்.

அவர் நாற்பது ஆண்டு பின்தொடர்ந்த சாணி வண்டு, இரவில் ஆகாயத்துப் பால்வீதியை அடையாளம் வைத்து நேர்கோட்டில் உருண்டையை உருட்டுகிறது என்று 2013ல் வேறு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்தத் தரிசு நிலமும் வீடும் இன்று அரசாங்கக் காட்சிசாலை. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர் பெயர் தெரியும். பூதக்கண்ணாடியும் பொறுமையும்தான் அவருடைய முக்கியக் கருவிகள்.