குருதியை அளந்த குருவானவர்

இருதயத்தை அறுத்துச் செப்பனிடும் இக்காலத்து மருத்துவர்க்குக் கத்திவேலை முடிந்த பின்னரும் ஓயாத கவலையொன்று உண்டு. நோயாளியின் நாளங்களிற் குருதி போதுமா, குறைவா என்பதே அது. குறையின் உறுப்புக்கள் வாடும். மிகைபட ஊற்றினாலோ நொந்த இருதயம் தாங்காது. இவ்வினாவைக் கருவிகொண்டு ஆராய்ந்த முன்னோடி ஒரு கிராமத்துக் குருவானவர் என அறிந்து நாம் வியந்தோம்.

ஸ்டீவன் ஹேல்ஸ் ஐயர் 1677-ல் இங்கிலாந்திற் கெண்ட் நாட்டிலே பிறந்தார், கேம்பிரிட்ஜிற் கற்றார். 1709-ல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள தெடிங்டன் சபைக்குக் குருவாகி, 1761-ல் மரிக்குமளவும் அப்பணியிலேயே இருந்தார்.

அங்குச் சென்ற சில ஆண்டுகளில், இனிப் பயன்படாதெனக் கொல்லப்படவிருந்த பெண்குதிரை யொன்றைக் கிடத்திக் கட்டுவித்து, அதன் தொடைத் தமனியிற் பித்தளைக் குழலைச் செருகி, நெடிய கண்ணாடிக் குழாயை அதனோடு இணைத்தார். குருதி இருதய மட்டத்திற்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி, நாடிதோறும் எழுந்து தாழ்ந்தது. அதனோடு அவர் அமையவில்லை. குருதியை அளந்தளந்து வெளியேற்றி, ஒவ்வொரு முறையும் குழாயை மீண்டும் பொருத்தி உயரத்தைக் குறித்தார். இழந்த அளவிற்கு ஒத்து உயரம் தாழவில்லை. குதிரை பெருமூச்செறியுங்கால் இடையே ஏறவுஞ் செய்தது. நாடி விரைந்தது, குளிர்ந்த வியர்வை அரும்பியது, பின்னரே உயிர் போயிற்று.

இப்பகுதியைப் படிக்க நமக்கு மனம் கூசிற்று. அண்டையில் வாழ்ந்த கவிஞர் போப்பும் (நம் திருக்குறட் போப்பையரல்லர், அவர்க்கு ஒரு நூற்றாண்டு முற்பட்டவர்) ஹேல்ஸை நேசித்தும் இச்செய்கையை வெறுத்தார். ஐயர்தாமும் அருவருப்புற்றுப் பல்லாண்டு இதனை விடுத்துச் செடிகளின் சாற்றோட்டத்தை ஆராய்ந்து, 1727-ல் நூல் வெளியிட்டார். குருதிபற்றிய நூல் 1733-லேதான் வந்தது.

ஆயினும் அக்குதிரை காட்டியது மெய். அழுத்தம் நிற்பது கண்டு குருதி நிறைந்துளது எனத் துணிதல் தகாது. நாளங்கள் சுருங்கியும் இருதயம் விரைந்தும் குறையை மறைக்கும். ஆதலின் இன்றைய மருத்துவர் மணிக்கட்டுத் தமனியின் அழுத்தத்தோடு சிறுநீரின் அளவையும் வடியும் குருதியையும் நோக்குவர். நோயாளியின் கால்களை உயர்த்தி, அங்குள்ள குருதி மார்பை நோக்கி இறங்க இருதயம் மிகுதியாய் இறைக்கின்றதா எனவும் பார்ப்பர். இறைப்பு உயரின் இன்னும் குருதியோ நீரோ ஏற்க இடமுண்டு; உயராவிடில் ஊற்றுவது தீங்காம்.

பிற்காலத்தே ஹேல்ஸ் கப்பல்களுக்கும் சிறைகளுக்கும் நற்காற்றுச் செலுத்தும் பொறிகளை அமைத்தார். தம் முயற்சியால் எழுந்த தெடிங்டன் ஆலயக் கோபுரத்தின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டார்.