சாம்பலை எடைபோட்டவர்

டத்தோ கிராமாட் சாலையோர மரம் ஒன்றின் தளிரையும் அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் பழுத்த இலையையும் தனித்தனியே உலர்த்தி எரித்தால், இரண்டிலும் சிறிது சாம்பல் மிஞ்சும். வேர் மண்ணிலிருந்து உறிஞ்சி அனுப்பிய தாது உப்புகளே அந்தச் சாம்பல். ஆனால், இரண்டும் ஒரே வகைச் சாம்பல் அல்ல. இதனை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எடைபோட்டுக் காட்டியவர் நிக்கோலா தியோடர் டி சோசூர்.

இவர் 1767-ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் பிறந்தார். தந்தை ஆல்ப்ஸ் மலையை ஆராய்ந்த புகழ்பெற்ற அறிஞர். மகனுக்கு முதல் ஆசானும் அவரே. 1788-இல் இருவரும் பனி மூடிய கணவாய் ஒன்றில் இரண்டு வாரங்களுக்கும் மேலாகத் தங்கிக் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்தனர். எதையும் அளந்து பார்த்த பின்னரே நம்பும் பழக்கம் சோசூரிடம் அப்போதே வேரூன்றிவிட்டது.

தாவரங்கள் தமக்கு வேண்டிய தாதுக்களைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். 1800-இல் பெர்லின் அறிவியல் கழகம் இக்கருத்தைக் கூறிய கட்டுரைக்குப் பரிசே வழங்கியது. சோசூர் அதனை ஏற்கவில்லை. வாலை வடிநீரில் மட்டும் செடிகளை வளர்த்து எரித்தார். விதையில் இருந்ததைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் சாம்பல் கூடவில்லை.

பின்னர், ஓக் முதலிய மரங்களின் இலைகளை வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பறித்து ஒப்பிட்டார். இளம் இலையின் சாம்பலில் நீரில் கரையும் உப்புகள் மிகுந்திருந்தன. முதிர்ந்த இலையில் அவை குறைந்து, சுண்ணாம்பும் சிலிக்காவும் ஏறியிருந்தன. காரணம் இன்று தெளிவாகத் தெரியும். பொட்டாசியமும் பாஸ்பரசும் முதிர்ந்த இலையை விட்டுத் தளிருக்கும் விதைக்கும் நகர்ந்துவிடும். சுண்ணாம்புச் சத்தோ வந்த இடத்திலேயே தங்கிவிடும். மழையும் இலையின் உப்புகளில் ஒரு பகுதியைக் கழுவிச் செல்லும்.

இம்முடிவுகளை 1804-இல் நூலாக வெளியிட்டார். வேளாண்மை உலகம் அதனை உடனே பொருட்படுத்தவில்லை. 1840-இல் ஜெர்மானிய அறிஞர் லீபிக் தாது உரங்களைப் பற்றி எழுதிய பிறகே இக்கருத்து பரவியது. அப்போது சோசூருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. 1845-இல் ஜெனீவாவிலேயே மறைந்தார்.

இன்று மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் உர அளவை முடிவுசெய்ய இலைகளைச் சோதிக்கின்றனர். வளர்ந்த மரமானால், மேலிருந்து முழுதாக விரிந்த முதல் மட்டையை ஒன்று எனக் கொண்டு எண்ணி, பதினேழாவது மட்டையின் இலைகளையே வெட்டுகின்றனர். பல வயது இலைகளைக் கலந்தால் உரக் கணக்குப் பிழையாகிவிடும்.