ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ்

ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ் என்பவர் சென்னையில் வாழ்ந்த ஐரோப்பிய விடுதி உரிமையாளர் ஆவார். தாமே வடிவமைத்துச் சென்னையிலேயே கட்டுவித்த வானூர்தியில் 1910 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இவர் பறந்தார். இந்தியாவில் பொறி பூட்டிய வானூர்தி ஒன்று பறந்த முதல் நிகழ்வாக இது கருதப்படுகிறது.

விடுதித் தொழில்

மவுண்ட் சாலையில் (இன்றைய அண்ணா சாலை) இவர் நடத்திய டி ஏஞ்செலிஸ் விடுதி, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் பெயர்பெற்ற விடுதிகளுள் ஒன்றாக விளங்கியது. பிற்காலத்தில் அவ்விடுதி பொசோட்டோ என்னும் பெயரில் நடைபெற்றது.

பின்னணி

அமெரிக்காவில் மிதிவண்டிக் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், 1903 டிசம்பர் 17 அன்று முதன்முதலில் பொறி பூட்டிய வானூர்தியில் பறந்தனர். 1909 ஜூலை 25 அன்று பிரான்சு நாட்டவரான லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் கடந்தார். இச்செய்தியே டி ஏஞ்செலிசுக்கு வானூர்தி கட்டும் ஆர்வத்தை ஊட்டியது என்பர்.

வானூர்தி உருவாக்கம்

இவரது வடிவமைப்பின்படி வானூர்தியைக் கட்டியது சென்னை சிம்ப்சன் நிறுவனம் ஆகும். 1840 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் குதிரை வண்டிகள் கட்டுவதில் புகழ்பெற்றது. அக்கால வானூர்திகள் பெரும்பாலும் மரச்சட்டம், துணி, இழுகம்பி ஆகியவற்றால் ஆனவை. எனவே வண்டி கட்டும் பட்டறைக்கு அவ்வேலை முற்றிலும் புதியதன்று. ஈரடுக்கு இறக்கைகளைக் கொண்ட அவ்வூர்தியில் குறைந்த குதிரைத்திறன் உடைய சிறு பொறி பொருத்தப்பட்டது.

பறப்பு

வானூர்தியின் சோதனைப் பறப்பு சென்னைக்குத் தெற்கேயுள்ள பல்லாவரத்தில் நடைபெற்றது. பின்னர் தீவுத்திடலில் கட்டணம் பெற்றுக்கொண்டு பொதுமக்கள் முன்னிலையில் இவர் பறந்து காட்டினார். அப்போது பார்வையாளர்களுள் ஒருவரையும் ஏற்றிச் சென்றார் எனக் கூறப்படுகிறது.

வரலாற்றில் இடம்

இந்திய வான்பயண வரலாற்றைப் பலரும் அலகாபாத்திலிருந்தே தொடங்குகின்றனர். அங்கு 1911 பிப்ரவரி 18 அன்று ஆன்றி பெக்கே என்னும் பிரான்சு வானோடி, நைனிக்கு வான்வழியே அஞ்சலைக் கொண்டு சென்றார். அதன் 50 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1961 இல் இந்திய அரசு அஞ்சல் தலைகளை வெளியிட்டது. ஆனால் பெக்கே ஓட்டிய வானூர்தி இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டதாகும். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே பறந்த டி ஏஞ்செலிசின் வானூர்தியோ சென்னையின் வண்டிப் பட்டறையில் உருவானது. பொறியியலைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவரின் முயற்சியும், உள்ளூர்த் தொழிலாளரின் கைவினையும் இணைந்து அதனைப் பறக்கச் செய்தன. அவ்வூர்தியைச் செய்த தொழிலாளரின் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை.

சோதனைப் பறப்பு நிகழ்ந்த பல்லாவரத்தை அடுத்தே இன்றைய சென்னை வானூர்தி நிலையம் அமைந்துள்ளது.